ஒரு விசில், ரெண்டு விசில்

விடிந்தும் விடியாத நேரம். குழாயை முழுசாகத் திறந்தால் சத்தம் வரும் என்று நூலாக ஒழுகவிட்டு, அதற்கடியில் படுக்கை விரிப்பைக் காட்டிக்கொண்டு நின்றாள் கண்டக்டரம்மா. விரிப்பு முழுக்க நனைக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்குத்தான் ஈரம். அதை மட்டும் சோப்புப் போட்டுக் கசக்கி, அலசி, பிழிந்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். எட்டு மாசமாக இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் காய்வதற்கு வெயில் வேண்டுமே. அன்றோடு மூன்று நாள் விடாத மழை. சந்தில் ஏற்கெனவே இரண்டு விரிப்பு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதையும் அதன் மேலேயே போட்டுவிட்டு, அலமாரியை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளி மறைத்துவிட்டுப் படுத்தாள்.

முதியோர் இல்லத்தில் கீழ்த்தளம், ஏழாம் அறை. இரண்டு கட்டில், இரண்டு அலமாரி, ஒரு ஜன்னல். அடுத்த கட்டிலில் டெய்லரம்மா. நாற்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால், இன்றைக்கும் தூக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஆடவில்லை. முழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குறட்டை மாதிரி ஒன்றை விட்டுக்கொண்டிருந்தாள். அது மரியாதைக்கு விட்ட குறட்டை என்று கண்டக்டரம்மாவுக்குத் தெரியாது.

கண்டக்டரம்மா முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவள். ஒரு நடை என்றால் மூன்றேகால் மணி நேரம். ஆண்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு மரத்தைப் பார்த்துப் போய்விட்டு வருவார்கள். இவள் எங்கே போவாள்? அடக்கிக்கொள்வாள். தண்ணீரே குடிக்காமல் இருந்தால் அடக்குவது சுலபம் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். காலையில் ஒரு டம்ளர் டீ, ராத்திரி வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர். நடுவில் ஒன்றும் கிடையாது. "எனக்கெல்லாம் இரும்பு வயிறு" என்று டிப்போவில் பீற்றிக்கொள்வாள்.

அந்த இரும்புக்கு எழுபது வயசுக்கு மேல் என்ன ஆயிற்றோ! தும்மினால் போச்சு. இருமினால் போச்சு. நாற்காலியிலிருந்து எழுந்தால் கொஞ்சம் போச்சு. பக்கத்து அறையில் யாராவது வாளியில் தண்ணீர் பிடித்தால், அந்தச் சத்தத்துக்கே ஓட வேண்டியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மெத்தை வைத்த நாற்காலியெல்லாம் காலியாக இருக்க, இவள் மட்டும் கதவோரத்து மர நாற்காலியில் போய் உட்காருவாள். கேட்டால், "மெத்தையில உக்காந்தா சோம்பேறியாயிடுவோம்" என்பாள். மூன்று மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது, டீ கிடையாது. வருகிற டீயை ஜன்னலுக்கு வெளியே செடிக்கு ஊற்றிவிடுவாள். செடி நன்றாகத்தான் வளர்ந்தது.

இதையெல்லாம் அவள் சமாளித்துக்கொண்டுதான் இருந்தாள். சமாளிக்க முடியாதது தங்கச்சி.

தங்கச்சி இருப்பது பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில், மகன் வீட்டில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினொரு மணிக்கு ஃபோன் வரும். மழை பிடிப்பதற்கு முந்தி ஒரு ஞாயிறும் அப்படித்தான் வந்தது.

"அக்கா, நாம பாத்து எத்தன வருஷம் ஆச்சுன்னு தெரியுமா?"

"மூணு இருக்குமா?"

"மூணே முக்கா. ஆயுசு பூரா பஸ்ஸுலயே திரிஞ்சவளுக்கு மூணு மணி நேரம் ஒரு தூரமா?"

"முட்டி வலிக்குதுடி. ஏற முடியல."

"போன மாசம் இடுப்புன்னே. அதுக்கு முந்தி தலசுத்துன்னே. என்ன, வலி ஒவ்வொரு மாசமும் ஒரு ஸ்டாப் தள்ளி எறங்குதா?"

கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீ வாயேன். இங்க விருந்தாளிக்குன்னு ஒரு ரூமே இருக்கு."

"நான் எப்படி வர்றது? கோழிங்கள யாரு பாத்துக்குவா?"

"உன் மவன் இருக்கான்ல?"

"அவனையே ஒருத்தர் பாத்துக்கணும். பேச்ச மாத்தாத. நான் கேக்கறது ஒண்ணுதான். உனக்கு என்னப் பாக்கணும்னு இருக்கா, இல்லியா?"

"இருக்குடி. ஏன் இல்லாம?"

"அப்ப வா. வர்ற வரைக்கும் நான் ஃபோன் பண்ண மாட்டேன். நீயும் பண்ணாத. ரெண்டு கெழவிங்க ஃபோன்லயே பேசிப் பேசி, ஒரு நா ஒருத்தி எடுக்கலன்னா அப்புறம் வந்து என்னத்தப் பாக்கறது?"

வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு பதினொரு மணி அடித்தது. ஃபோன் சும்மா இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சிக்னல் இல்லியோ என்னவோ" என்றாள். கண்டக்டரம்மா தானே கூப்பிடலாம் என்றால், "வந்துட்டியா?" என்றுதான் அவள் முதல் கேள்வி கேட்பாள். அதற்குச் சொல்ல ஒரு வலிகூட மிச்சமில்லை.

மூன்றாவது விரிப்பைத் தொங்கவிட்ட அந்தத் திங்கட்கிழமை சலவைக்காரம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏழாம் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"ஏம்மா, இந்த ரூம்லருந்து வாரத்துக்கு ஒரு விரிப்புதான் வருது. மத்த ரூம்லருந்தெல்லாம் ரெண்டு வருது. நீங்க என்ன, நின்னுக்கிட்டே தூங்கறீங்களா?"

"சுத்தமா இருக்கோம். அதான்."

"அது சரி. அலமாரிக்குப் பின்னாடி என்ன வாசன? காளான் பயிர் வச்சிருக்கீங்களா?"

சொல்லிக்கொண்டே அலமாரியை இழுத்துவிட்டாள். மூன்று விரிப்பும் பொதக்கென்று விழுந்தது. கண்டக்டரம்மா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டெய்லரம்மா கையிலிருந்த துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தையலை ஆராய்ச்சி பண்ணினாள். சலவைக்காரம்மா மூன்றையும் சுருட்டி வண்டியில் போட்டாள். அப்புறம் குரலை இறக்கி, "இதுக்குப் போயி விடியக்காலைல பச்சத் தண்ணில நிப்பாங்களாம்மா? நான் எதுக்கு இருக்கேன்? எனக்கு இங்க தெரியாத ஈரமா?" என்றுவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேட்ரன் வந்து, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூடத்தில் ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறது, நீங்களும் போங்கள் என்று சொன்னாள். சலவைக்காரம்மா சொல்லித்தான் வந்திருப்பாள்.

பலகையில் "வலுப் பயிற்சி, பெண்களுக்கு மட்டும்" என்று ஒட்டியிருந்தது. கால் வலி, முட்டி வலிக்கு என்று நினைத்து ஒன்பது பேர் வந்தார்கள். சாப்பாட்டு மேசைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளி, கை வைக்காத நாற்காலியாகப் பார்த்து வட்டமாகப் போட்டிருந்தது. நடுவில் பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோ. ஐம்பதை நெருங்குகிற வயசு, கொஞ்சம் பருத்த உடம்பு, காலில் வெள்ளை ஷூ.

"தும்மினா, இருமினா, சிரிச்சா, எழுந்தா, யாருக்கெல்லாம் ஒழுகுது? கையத் தூக்குங்க" என்றாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரி.

ஒருத்தி செருப்பைப் பார்த்தாள். ஒருத்தி ஃபேனைப் பார்த்தாள். கண்டக்டரம்மா கதவைப் பார்த்தாள்.

பிசியோ தன் கையைத் தூக்கினாள். "எனக்கு ரெட்டப் புள்ள. பொறந்து ரெண்டு வருஷம், பஸ்ஸப் பிடிக்க ஓடினா வீட்டுக்குத் திரும்பி வந்து துணி மாத்திட்டுத்தான் வேலைக்குப் போவேன். படிச்சது இந்தப் படிப்பு. வெளிய சொல்ல வெக்கம்."

முதலில் சிரித்தது ரேடியோ. வாய் மூடாமல் பேசுகிறவள் என்பதால் அந்தப் பேர். "எனக்குத் தும்மக்கூட வேணாம்மா. தும்மல் வரப் போவுதுன்னு நெனச்சாலே வேல முடிஞ்சுது" என்று கையைத் தூக்கினாள். அதற்கு இன்னும் இரண்டு பேர் சிரிக்க, "ஐயோ சிரிக்க வெக்காதடி" என்று காலை இறுக்கிக்கொண்டார்கள். கை தூக்காமலே விஷயம் வெளியே வந்துவிட்டது. அப்புறம் டெய்லரம்மா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

கண்டக்டரம்மா அப்படியே திரும்பிப் பார்த்தாள். "நீங்களுமா?"

"நீங்க காலைல தொவைக்கறீங்க. நான், நீங்க மத்தியானம் சீட்டாடப் போனப்புறம் தொவைக்கறேன். குழாய் ஒண்ணுதானே இருக்கு?"

கண்டக்டரம்மா மட்டும் கடைசிவரை கை தூக்கவில்லை.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். சிறுநீரையும் வயிற்றுக் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்து, மேலே தூக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. பிட்டத்தை இறுக்கக் கூடாது. ஐந்து எண்ணுகிற வரைக்கும் பிடித்து, அப்புறம் முழுசாக விட்டுவிட்டு ஐந்து எண்ண வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அதற்கப்புறம் முட்டிக்கு நடுவில் தலையணையை வைத்து அழுத்துவது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. கடைசியாக, கையை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எழுவதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளே இழுத்துக்கொண்டு எழ வேண்டும். ரேடியோவால் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. "நாற்காலி என்ன விட மாட்டேங்குது" என்றாள்.

கண்டக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் இளப்பம். அடக்குவதா? இதை எனக்கு ஒருத்தி வந்து சொல்லித் தர வேண்டுமா? இவர்களெல்லாம் ஐந்து எண்ணுவதற்குள் மூச்சு வாங்குகிறார்கள். நான் இரண்டு ஊர் தாண்டி அடக்கினவள். ஐந்து எண்ணினால் நல்லது என்றால், ஐந்து மணி நேரம் அடக்கினால் எவ்வளவு நல்லது! சீக்கிரம் சரியாகிவிட்டால் தங்கச்சியைப் போய்ப் பார்த்துவிடலாம். 'விட்டுவிட்டு ஐந்து எண்ணுங்கள்' என்று பிசியோ சொன்ன பாதி அவள் காதில் ஏறவே இல்லை.

மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீரை இன்னும் குறைத்தாள். டெய்லரம்மா பார்த்துவிட்டு, "ஏம்மா முகமெல்லாம் செவந்து கெடக்கு?" என்றாள்.

"பயிற்சி பண்றேன்."

"நாங்களுந்தான் பண்றோம். எங்களுக்குக் கண்ணு பிதுங்கலியே?"

ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் குளிர் காய்ச்சல். சிறுநீர் போனால் மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி எரிச்சல். பிடித்துப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் படுக்கையிலேயே போயிற்று, அதுவும் பட்டப் பகலில். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் பத்தாமல் கிருமி சேர்ந்திருக்கிறது என்று மாத்திரை எழுதினார். சலவைக்காரம்மா விரிப்பை மாற்றிக்கொண்டே, "இப்பத்தான் இந்த ரூம் கணக்கு நேராச்சு" என்றாள். கண்டக்டரம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

சாயங்காலம் பிசியோ வந்து டெய்லரம்மாவின் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் பிடிச்சு வச்சீங்க?"

"நாலு மணி நேரம். ஒரு நா அஞ்சு."

பிசியோ நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் அஞ்சு எண்ணச் சொன்னேம்மா!"

"பழக்கதோஷம்."

"என்ன பழக்கம்?"

சொன்னாள். டிப்போ, மூன்றேகால் மணி நேர நடை, ராத்திரிச் சொம்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் போர்வையின் ஓரத்தை முறுக்கினாள். அப்புறம் யாரும் கேட்காமலே சொன்னாள்.

"ஒரு தடவ காலைக் கூட்டம். ஒரு வயசான அம்மா சீட்டுலயே போயிருச்சு. கீழ வழிஞ்சு வருது. எல்லாரும் காச்சு மூச்சுன்னு கத்தறாங்க. நான் விசில் அடிச்சு வண்டிய நிறுத்தி, அந்தம்மாவ எறக்கி விட்டுட்டேன். ஸ்டாப்புகூட இல்ல அது. ரெண்டு பக்கமும் பொட்டல். அந்தம்மா எறங்கி நின்னு, பையால பின்னாடி மறச்சுக்கிட்டு, என்னையே பாத்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த டெய்லரம்மாவின் கால் ஆடுவது நின்றது.

"இப்ப நான் பஸ்ஸுல ஏறினா அந்த சீட்டுலதான் உக்காருவேன் போல இருக்கு. அதான் என் தங்கச்சி வீட்டுக்குப் போகல. முட்டியும் இல்ல, இடுப்பும் இல்ல. அவ இனிமே ஃபோன் பண்ண மாட்டேன்னுட்டா."

பிசியோ எழுந்துபோய் ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். "அந்தம்மாவுக்கு இனிமே நாம ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்குப் பண்ணலாம். குடிங்க."

"குடிச்சா வருமே?"

"வரட்டும். வந்தா போங்க. பஸ்ஸ வச்சே கேக்கறேன். ஜனத்த ஏத்திக்கிட்டே போறீங்க, எந்த ஸ்டாப்லயும் ஒருத்தரையும் எறக்கல. என்ன ஆவும்?"

"படிக்கட்டு பிஞ்சுரும்."

"ம். உங்களுக்கு அதான் ஆயிருக்கு. அந்தச் சதைக்கு இழுக்கவும் தெரியணும், விடவும் தெரியணும். நீங்க ஆயுசுக்கும் அத விட்டதே இல்ல. களச்சுப் போயிருக்கு பாவம்."

கண்டக்டரம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கணும். ரெண்டு அடிச்சா போலாம்" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"அப்படியே வச்சுக்குங்க. ஒண்ணுன்னா பிடிக்கணும், ரெண்டுன்னா விடணும்."

"டெய்லரம்மா, அந்த அலமாரி மேல்தட்டுல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதக் கொஞ்சம் எடுங்க."

டப்பாவில் பொத்தான், பழைய சாவி, ரப்பர் வளையம், அடியில் கயிறு கட்டின பித்தளை விசில்.

அடுத்த வாரம் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாக இல்லை. இரண்டு இரண்டாக, நடுவில் வழி விட்டு, பஸ் மாதிரி போட்டிருந்தது. பிசியோ கேட்டதற்கு, "வட்டமா உக்காந்தா வண்டி எங்க போகும்?" என்றாள் கண்டக்டரம்மா. பிசியோ நாற்காலிகளுக்கு நடுவே ஒவ்வொருத்தர் முதுகாகத் தட்டி நிமிர்த்திக்கொண்டு போக, பின்னால் விசிலோடு கண்டக்டரம்மா.

ஒரு விசில். ஒன்பது பேரும் உள்ளே இழுத்தார்கள். ஐந்து எண்ணி, இரண்டு விசில். விட்டார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் முன்னால் ஒருத்தி ஸ்டாப்புக்குப் பேர் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"ஆஸ்பத்திரி!"

"ஏன்டி முதல் ஸ்டாப்பே ஆஸ்பத்திரி? நல்ல எடமாச் சொல்லு."

"சரி, மார்க்கெட்டு!"

"என் சம்பந்தி வீடு!" என்றாள் ரேடியோ. "அங்க நிறுத்தாத. அப்படியே ரெண்டு விசில் குடுத்துரு."

கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கடகடவென்று எழுந்து போனார்கள். பிசியோ கத்தினாள்: "சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி இழுத்துப் பிடிக்கணும்! அதான் பாடம்!"

"சிரிப்பு என்ன டயம் டேபிள் போட்டா வருது?" என்று கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

பன்னிரண்டு வாரத்தில் எல்லாம் பறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். மழை நின்று, வெயில் வந்து, ஜன்னலோரத்துச் செடி டீ கிடைக்காமல் கொஞ்சம் வாடியது. கண்டக்டரம்மா நாளைக்கு ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தாள். முதலில் முக்கால் மணிக்கு ஒரு தரம் ஓட வேண்டியிருந்தது. அவசரம் வந்தால் ஓடாதே, நின்ற இடத்தில் நின்று ஐந்து தரம் இழுத்துவிட்டு, அலை அடங்கினதும் நடந்து போ என்றாள் பிசியோ. அப்படியே செய்து செய்து, ஒரு மணி, ஒன்றரை, இரண்டு மணி என்று நீட்டிக்கொண்டு போனாள். வாரத்தில் ஏழு நாளும் நனைந்த விரிப்பு நாலு நாளாகி, இரண்டாகி, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பன்னிரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தாள். தொடையில் கல் மாதிரி சதை வைத்தது. டெய்லரம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். ரேடியோவுக்கு ஒழுகல் பெரிசாகக் குறையவில்லை, இழுத்துப் பிடிக்கிற ஐந்து எண்ணிக்கையிலும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் யார் கையையும் பிடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்தாள். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் கண்டக்டரம்மா மேட்ரனிடம் போய், "நான் என் தங்கச்சியப் பாக்கப் போறேன். பஸ்ஸுல" என்றாள்.

"தனியா விட முடியாதும்மா."

"தனியா யாரு போறா?" பின்னாலிருந்து டெய்லரம்மா. ஏற்கெனவே இரண்டு பேருக்கும் உள்ளாடை தைத்து முடித்திருந்தாள். நடுவில் நாலு மடிப்புத் துணி வைத்து, உள்ளே பை மாதிரி விட்டு, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாத தையல். "கடையில விக்கறது சரசரன்னு சத்தம் போடுது. நடந்தா பேப்பர்க்காரன் வர்ற மாதிரி இருக்கு. இதப் போடுங்க. ஒரு சொட்டுக்கு ஒரு மடிப்பு. நாலு சொட்டு வரைக்கும் நான் கேரண்டி."

காலை எட்டு மணி பஸ். கண்டக்டரம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், டயரை எட்டி உதைத்தாள், அப்புறம்தான் ஏறினாள். சீட்டில் உட்காரும் முன்னால் உள்ளங்கையை அதன்மேல் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. டெய்லரம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டாள்.

கண்டக்டர் ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். வண்டி கிளம்பின ஐந்தாவது நிமிஷம் ஒரு விசில் அடித்தாள். கண்டக்டரம்மா உள்ளே இழுத்துப் பிடித்தாள். பக்கத்தில் டெய்லரம்மாவும் நிமிர்ந்தாள். ஆட்கள் ஏறினார்கள். இரண்டு விசில். இரண்டு பேரும் விட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து டெய்லரம்மா காதோடு சொன்னாள்: "ஏம்மா, எக்ஸ்பிரஸ்ஸுன்னீங்க. இது மரத்துக்கு மரம் நிக்குது. எனக்கு அடிவயிறு வலிக்குது."

"வுடாதீங்க. நல்ல பயிற்சி."

ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் ஒரு பெரிய பள்ளம். வண்டி தூக்கிப் போட்டது. கண்டக்டரம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். கொஞ்சம் போயிற்று. ஒரு சொட்டா, இரண்டு சொட்டா? கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பிடித்தாள். யாரும் கத்தவில்லை. கீழே ஒன்றும் வழியவில்லை. முன் சீட்டில் ஒரு ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஐந்து தரம் இழுத்து விட்டதும் அலை அடங்கிப் போயிற்று. கண்ணைத் திறந்தபோது டெய்லரம்மா இரண்டு விரலைக் காட்டி, 'இரண்டு மடிப்பா?' என்று புருவத்தால் கேட்டாள். கண்டக்டரம்மா ஒரு விரலைக் காட்டினாள்.

பாதி வழி பஸ் நிலையத்தில் பத்து நிமிஷம். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தபோது அந்தக் கண்டக்டர் பெண் படியில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"நீயும் போயிட்டு வா" என்றாள் கண்டக்டரம்மா.

"டிப்போவுல போய்க்கறேம்மா. பழகிடுச்சு."

"பழகாத. நான் முப்பத்தொரு வருஷம் பழகினவ. போ, நான் வண்டியப் பாத்துக்கறேன். ஒருத்தரும் ஏறிப் போயிட மாட்டாங்க."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் இவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பையை இறுக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனாள். கண்டக்டரம்மா படிக்கட்டில் கையை ஊன்றிக்கொண்டு, யாரோ வேலைக்கு வைத்த மாதிரி விறைப்பாக நின்றாள்.

தங்கச்சி வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளே ஃபோனில் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் எழுந்து வரவில்லை.

"வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"கேட்டுக் கேட்டு வந்தேன். இது யாரு, என் ரூம்ல இருக்கற டெய்லரம்மா."

"வாங்கம்மா, உக்காருங்க. இவளோட குடித்தனம் பண்றீங்களா? புண்ணியவதி." சொல்லும்போதே குரல் உடைந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் உள்ளே போய், முற்றத்தைப் பார்த்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எங்கடி உன் கோழிங்க?" என்றாள் கண்டக்டரம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

தங்கச்சி கையைக் காட்டினாள். முற்றத்து மூலையில் இரண்டே இரண்டு கோழி. அதில் ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது.

"இந்த ஒன்றரைக் கோழிக்காகவா மூணே முக்கா வருஷம் நீ வராம இருந்தே?"

டெய்லரம்மா பொங்கிச் சிரித்தாள். தங்கச்சியும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, மேசையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அப்புறம் "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சமையலறை ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் ஓடினாள்.

கண்டக்டரம்மா அந்தக் கால் பின்னலைப் பார்த்தாள். டெய்லரம்மா, தங்கச்சி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். மெத்தையின் ஓரத்தை இரண்டு விரலால் நெருடினாள்.

"உள்ள ரப்பர் ஷீட்டு. மேல துணி. கைத்தையல். எனக்குத் தெரியாத தையலா இது" என்றாள் மெதுவாக.

தங்கச்சி திரும்பி வந்தபோது வேறு துணி கட்டியிருந்தாள். "குழாய் தெறிச்சிருச்சு" என்றாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

கண்டக்டரம்மா தன் பையைத் திறந்து, மாற்றுத் துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கீழே துழாவி, பித்தளை விசிலை எடுத்தாள். டெய்லரம்மா தன் பையிலிருந்து, அழகாக மடித்து வைத்திருந்த உள்ளாடை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

தங்கச்சி விசிலைப் பார்த்தாள். உள்ளாடையைப் பார்த்தாள். ஒருத்தர் மாற்றி ஒருத்தரைப் பார்த்தாள். முகம் சிவந்து, அப்புறம் மெதுவாக விரிந்தது.

"உனக்குமாக்கா?"

"உக்காருடி" என்றாள் கண்டக்டரம்மா, தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு. "நிமிர்ந்து உக்காரு. மூச்சப் பிடிக்காத. எங்க நிறுத்தணும், ஸ்டாப்பு பேரச் சொல்லு."

தங்கச்சி கண்ணைத் துடைத்தாள். "எங்கயும் வேணாம். இங்கயே நிறுத்து."

கண்டக்டரம்மா விசிலை வாயில் வைத்து ஒரு தரம் ஊதினாள். கோழிகள் இரண்டும் தலையைத் தூக்கிப் பார்த்தன.